கயிறு பிடித்தவன் உறங்கவில்லை

உயிரோடு இருக்கும் ஒருவனைச் செத்துவிட்டான் என்று நான் சொன்னேன்.

ஆத்திரத்தில் வாய் தவறி வந்த சொல் அல்ல அது. ஒலிவாங்கியின் முன்னால் உட்கார்ந்து, தேநீரை ஒரு மிடறு விழுங்கிவிட்டு, நிதானமாகச் சொன்னேன். அந்த மனிதன் என்னைத் தொலைபேசியில் அழைத்து, “கிறிஸ்மஸ் கேக் அனுப்பட்டோடா?” என்று கேட்டு மூன்று வாரம்கூட ஆகியிருக்கவில்லை!

அவன் பெயர் ராயப்பு. ஏறக்குறைய அறுபது ஆண்டுகளாக என் சிநேகிதன்.

சாகடித்ததோடு நான் நிறுத்தவில்லை. அவன் வாழ்ந்த வாழ்க்கையையும் எடுத்துக்கொண்டேன். செம்புத் தலைக்கவசம் அணிந்து கடலடியில் நடந்தவன் அவன். படகின் மேல்தட்டில் நின்று அவனுடைய கயிற்றைப் பிடித்தவன் நான். நடந்தவன் நான், பிடித்தவன் அவன் என்று மாற்றிச் சொன்னேன். அதையும் ஓர் அருங்காட்சியகத்துக்குச் சொன்னேன். இப்போது அது அவர்களுடைய சுவரில் இருக்கிறது.

ஏன் செய்தாய் என்று கேட்பீர்கள். வயது, மறதி, தனிமை... எத்தனையோ பெயர்களை வைத்துப் பார்த்துவிட்டேன். ஒன்றும் பொருந்தவில்லை. அது பொறாமை. வெறும் பொறாமை!

என் பெயர் வேலாயுதம். சிங்கப்பூரில் பிறந்தவன். இப்போது சிட்னியில், கிரவீன் என்ற பகுதியில், மகன் வீட்டில் இருக்கிறேன். ராயப்பு மன்னாரில் பிறந்து சிங்கப்பூர்த் துறைமுகத்துக்கு வேலை தேடி வந்தவன். இருவருக்கும் இருபது வயது. ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கரையில், புரூம் என்ற ஊரில், முத்துச்சிப்பிப் படகுகளுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரே நாளில், ஒரே மேசையில் கையெழுத்துப் போட்டோம். ஒரே கப்பலில் வந்து இறங்கினோம். இதை எதற்குச் சொல்கிறேன் தெரியுமா? எனக்கும் அவனுக்கும் தொடக்கத்தில் ஓர் அங்குல வித்தியாசம்கூட இல்லை. அதுதான் பிற்பாடு என்னை வாட்டியது.

முத்து என்றதும் கைநிறைய முத்துகளைக் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். நாங்கள் அள்ளியது சிப்பியை. சாப்பாட்டுத் தட்டளவு பெரிய சிப்பி. அதன் உட்புறப் பளபளப்பை அறுத்துச் சட்டைப் பொத்தான் செய்வார்கள். பிந்திய ஆண்டுகளில் அதை உயிரோடு எடுத்துப் போய் முத்து வளர்க்கும் பண்ணைகளுக்குக் கொடுத்தோம். சிப்பிக்குள் தானாக விளைந்த முத்தை நான் அங்கிருந்த காலம் முழுவதும் நான்கு முறைதான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் படகில் கீழே இறங்கியவர்கள் இருவர். ஒருவர் வயதான ஜப்பானியர். படகுக்கும் அவர்தான் தலைவர். மற்றவன் ராயப்பு. ‘சுழியோடி’ என்பான் அவன் தன் ஊர்ப் பேச்சில். நானும் அந்தச் சொல்லையே பழகிக்கொண்டேன்.

சுழியோடிக்கு உடை மாட்டுவது கயிறு பிடிப்பவனின் வேலை. கம்பளிக் காலுறை, அதன்மேல் இன்னொன்று. தடித்த கம்பளிச் சட்டை இரண்டு. பிறகு கழுத்துவரை மூடும் ரப்பர் துணி உடை. தோளில் செம்புப் பட்டை, அதைச் சுற்றித் திருகாணிகள். காலில் ஈயம் வைத்த சப்பாத்து. நெஞ்சிலும் முதுகிலும் ஈயக் கட்டி. கடைசியில் தலைக்கவசம். அதைத் தோள்பட்டையில் பொருத்தித் திருகி, முகக்கண்ணாடியை மூடினால் உள்ளே இருக்கும் முகம் சட்டென்று வேற்று முகமாகிவிடும். என் கையால் மூடிய அந்த முகத்தை ஒவ்வொரு முறையும் நான் பார்த்தேன். அது ஒவ்வொரு முறையும் சிரித்தது!

படகில் இயந்திரம் காற்றை அழுத்தி நீண்ட குழாய் வழியாக அவனுக்கு அனுப்பும். அவன் இடுப்பிலிருந்து ஒரு கயிறு என் கைக்கு வரும். உயிர்க்கயிறு. நீரோட்டம் தள்ளும் திசையில் படகு மெதுவாக மிதந்து போக, அதன் கீழே அவன் கடல் தரையில் நடந்தபடியே சிப்பி பொறுக்குவான். ஒரு சுண்டு சுண்டினால் கயிறு தா என்று பொருள். இரண்டு சுண்டினால் பை நிறைந்துவிட்டது. நான்கு சுண்டினால் என்னை மேலே எடு. எனக்கும் அவனுக்கும் அந்தக் கயிறுதான் பேச்சு. காலையிலிருந்து மாலைவரை நான் அவன் பேச்சைக் கையால் கேட்டேன்.

மேலே வந்தால் அவன் ராசா. முதல் தேநீர் அவனுக்கு. முதல் சோறு அவனுக்கு. அவனுடைய ஈரக் கம்பளிகளைப் பிழிந்து காயப்போடுவது நான். கரைக்குப் போனால் கடைக்காரர்கள் அவனைப் பெயர் சொல்லி அழைப்பார்கள். நான் அவனுக்குப் பின்னால் நிற்கும் ஆள். “இவன் வேலு. என்ர உயிரே இவன்ர கையிலதான் இருக்கு” என்று அவன் எல்லாரிடமும் சொல்வான். சொல்லச் சொல்ல எனக்கு எரியும். அவர்கள் என் பக்கம் திரும்பிப் புன்னகை செய்துவிட்டு மறுபடியும் அவனைத்தானே பார்த்தார்கள்!

என்னையும் இறக்கும்படி ஜப்பானியரிடம் ராயப்புதான் கேட்டான். அவனே எனக்கு உடை மாட்டினான். தலைக்கவசம் தோளில் இறங்கியது. ஏணியில் ஐந்து படி இறங்கினேன். இடுப்புவரை தண்ணீர். முகக்கண்ணாடியை மூட அவன் கை வந்தது. அவ்வளவுதான்... எனக்குள் என்ன நடந்தது என்று இன்றுவரை சொல்லத் தெரியவில்லை. அலறினேன். அவன் கையைத் தட்டிவிட்டேன். ஏணியைக் கட்டிக்கொண்டு, விடுங்கள், விடுங்கள் என்று பிள்ளையைப்போல் அழுதேன்.

கழற்றி மேலே எடுத்தார்கள். யாரும் சிரிப்பதற்கு முன்பே ராயப்பு முந்திக்கொண்டான். “இவனுக்குக் காதுக்குள்ள சீழ். எனக்கு முந்தியே சொன்னவன். நான்தான் மறந்துபோனன்” என்றான்.

என் மானத்தைக் காப்பாற்றினான். அதற்காக நான் அவனுக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும். ஆனால், கேளுங்கள்... அன்றைக்குத்தான் அவனை உண்மையாகவே வெறுக்கத் தொடங்கினேன். கடலடியும் அவனுக்கு, பெருந்தன்மையும் அவனுக்கா? எனக்கென்று மிஞ்சுவது என்ன?

அந்த வருஷக் கடைசியில் என் வீட்டில் பெண் பார்த்தார்கள். பெண்ணுக்கு அனுப்பப் படம் வேண்டும். ராயப்பு தன் உடையை எனக்கு மாட்டி, தலைக்கவசத்தை என் கக்கத்தில் கொடுத்து, கடற்கரையில் நிறுத்திப் படம் எடுப்பித்தான். விளையாட்டுத்தான் அது. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் கமலா என்னை மணக்கச் சம்மதித்தாள். “பயமா இருக்காதா உங்களுக்கு?” என்று முதல் கடிதத்தில் கேட்டிருந்தாள். பயம் எதற்கு என்று எழுதினேன்.

அவள் போய் ஆறு வருஷமாகிறது. தண்ணீருக்குள் நடந்தவனுக்கு மனைவியாகவே வாழ்ந்து போனாள். ஒருநாளாவது சொல்லியிருக்கலாமே என்கிறீர்களா? சொல்லியிருக்கலாம். பிள்ளைகளிடம் அவள் என்னைப் பற்றிப் பேசும்போது அவள் குரலில் ஒரு மிடுக்கு இருக்கும். அதை இழக்க எனக்கு மனம் வரவில்லை.

இப்போது அந்தப் பகலைச் சொல்ல வேண்டும். என் வாழ்வில் நான் செய்த ஒரே பெரிய காரியம் அந்தப் பகலில்தான் நடந்தது.

கடற்பெருக்கு அடங்கித் தண்ணீர் தெளிந்திருந்த நாட்கள். ஆழமான இடம். அடியில் சிப்பி மண்டிக் கிடந்ததால் ராயப்பு இருக்கவேண்டிய நேரத்தைவிட அதிகமாக இருந்துவிட்டான். விடியற்காலையிலேயே இறங்கி மேலே வந்தவன் தலைக்கவசத்தைக் கழற்றியதும் சிரித்தான். தேநீரைக் கையில் வாங்கினான். கோப்பை விழுந்தது. அவனும் விழுந்தான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினான். கால்களை அசைக்க முடியவில்லை.

ஆழத்தில் நெடுநேரம் இருந்தவன் மேலே வந்ததும் இரத்தத்தில் காற்றுக் குமிழிகள் கட்டிக்கொள்ளும். ஆளை முடமாக்கும், கொல்லவும் செய்யும். கரை இரண்டு நாள் தூரம். எங்களிடம் இருந்த வைத்தியம் ஒன்றுதான். மறுபடியும் உடையை மாட்டி, மறுபடியும் தண்ணீருக்குள் இறக்கி, அந்தரத்தில் தொங்கவிட்டு, மணிக்கணக்கில் சிறுகச் சிறுக மேலே எடுப்பது. நிறுத்திய ஒவ்வொரு நிலையிலும் அவன் ஆழம் மாறவே கூடாது. அலை படகைத் தூக்கும்போது கயிற்றை விட வேண்டும். தாழ்த்தும்போது இழுக்க வேண்டும். ஒவ்வொரு அலைக்கும்! பிடிப்பவன் கண் அசந்தால் தொங்குபவனுக்கு முடிந்தது.

விடிந்து சற்று நேரத்தில் பிடித்த கயிற்றைப் பொழுது சாயும்போதுதான் விட்டேன். மற்றவர்கள் மாற்றிக்கொள்ள வந்தார்கள். கொடுக்கவில்லை. மலாய்க்காரச் சமையல்காரர் என் வாயில் தண்ணீர் ஊற்றினார். உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போயிற்று.

ஏன் கொடுக்கவில்லை? அன்பா? அப்படித்தான் நினைக்க ஆசையாக இருக்கிறது... ஆனால் ஒப்புக்கொள்ள வந்தவன் பாதியை மறைக்கக் கூடாது. நடுப்பகலில் ஒரு கணம் எனக்குள் ஒரு நினைப்பு வந்தது. விட்டுவிட்டால்? விரல்கள் அந்த நினைப்பைக் கேட்டன. ஒரு கணம்தான். பிறகு முன்னிலும் இறுக்கிப் பிடித்தேன். அந்த ஒரு கணம் என்னை அவ்வளவு பயமுறுத்திவிட்டது. அதனால்தான் வேறெவரிடமும் கயிற்றைக் கொடுக்கவில்லையோ என்னவோ.

அவன் பிழைத்தான். கால்கள் திரும்பின. மறு ஆண்டே மறுபடியும் இறங்கினான். பின்பு தலைக்கவசக் காலமே முடிந்துபோக, ஆளுக்கொரு திசையில் பிரிந்தோம். அவன் மெல்பேர்னுக்கு, நான் சிட்னிக்கு. தொழிற்சாலை வேலை, பிள்ளைகள், வீட்டுக்கடன்... எல்லாரையும்போல. அவனுடைய இடுப்பெலும்பு உள்ளுக்குள் செத்துப்போய் இரண்டு பக்கமும் செயற்கை மூட்டு வைத்தார்கள். கடல் கொடுத்த நோய் என்றார்களாம் மருத்துவர்கள். அதைக் கேட்டபோதும்... நம்புவீர்களா? அவனிடம் சாட்சியாக எலும்பாவது இருக்கிறதே என்று நினைத்தேன்!

சென்ற ஆண்டு தொடக்கத்தில் தர்ஷினி வந்தாள். ஹோம்புஷில் இருக்கும் எங்கள் குடும்ப நண்பரின் மகள். துறைமுகப் பக்கத்து அருங்காட்சியகம் ஒன்றில் வேலை. கடலில் உழைத்த பழைய மனிதர்களின் குரல்களைப் பதிவு செய்கிறார்கள் என்றாள். வரவேற்பறையில் மாட்டியிருந்த என் படத்தைப் பார்த்தவள் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள்.

மூன்று நாள் பேசினேன். ராயப்பு எனக்குச் சொன்னதையெல்லாம் சொன்னேன். கடல் தரையில் சிப்பி எப்படி மணலோடு மணலாகக் கிடக்கும், சுறா வந்தால் எப்படி அசையாமல் நிற்க வேண்டும், தூக்கிய ஈயக்கால் எப்படி மெதுவாக இறங்கும்... எல்லாம் அவனுடையவை. “கடலடியில் கருவறை போன்ற நிசப்தம்” என்றேன். அது மட்டும் என்னுடைய சொந்தச் சொல். தர்ஷினி கண் கலங்கினாள்.

பிறகு கேட்டாள். “உங்களோட அந்தப் படகில வேலை செய்த ஆக்கள் ஆரும் இப்ப இருக்கினமோ அங்கிள்? அவையளிட்டயும் ரெக்கோட் பண்ணலாம்.”

இருக்கிறான் என்றால் அவள் மெல்பேர்னுக்குப் போவாள். அவன் வாயைத் திறந்தால் என் முகத்தை யார் பார்ப்பார்கள்?

“என் கயிறு பிடிச்சவன் ஒருத்தன் இருந்தான்மா. ராயப்புன்னு பேரு. செத்துட்டான்” என்றேன்.

அத்தோடு விட்டேனா? இல்லை! அந்தப் பகலையும் சொன்னேன். நான் தண்ணீருக்குள் தொங்கியதாக. ராயப்பு கயிற்றைப் பிடித்தபடியே தூங்கிவிட்டதாக. வேறொருவர் ஓடிவந்து பிடித்திராவிட்டால் நான் இல்லை என்று. ஏன் அப்படிச் சொன்னேன்? கயிறு பிடித்தவன் அற்பன் என்று சொன்னால் சுழியோடி உயர்ந்துவிடுவான் என்றா? அல்லது நடுப்பகலில் என் விரல்களுக்குள் வந்துபோன அந்தக் கணத்துக்குத் தூக்கம் என்று பெயர் சூட்டி அவன் தலையில் வைத்தேனா? எதுவென்று எனக்கே தெரியாது. சொல்லும்போது இனித்தது. அது மட்டும் தெரியும்.

கண்காட்சி திறந்தது. என் படத்தை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கியிருந்தார்கள். பக்கத்தில் திரையில் நான் பேசினேன். எதிர்ச் சுவரில், ஆங்கிலத்திலும் தமிழிலும், “கடலடியில் கருவறை போன்ற நிசப்தம்.” மகன் என்னைக் கட்டிக்கொண்டான். பேரப்பிள்ளைகள் தங்கள் வகுப்பாசிரியரைக்கூட அழைத்து வந்தார்கள்.

ஆறு மாதம் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லாரும் ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குப் போயிருந்தார்கள். முழங்கால் வலி என்று நான் தங்கிவிட்டேன். வாசலில் ஒரு கார் வந்து நின்றது. பின் கதவு திறந்தது. முதலில் ஒரு நடைச்சட்டம் இறங்கியது. அதைப் பிடித்துக்கொண்டு ராயப்பு இறங்கினான்.

காரை ஓட்டி வந்தவள் அவன் மகள் பிலோமினா. மெல்பேர்னில் நர்ஸ். அவள் இறங்கவில்லை. கண்ணாடி வழியாக என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. பிறகு தெரிந்தது, யாரோ உறவினர் திருமணத்துக்குச் சிட்னி வந்திருக்கிறார்கள். முத்துச்சிப்பிக் கண்காட்சி என்று கேள்விப்பட்டு, அப்பாவை மகிழ்விக்க அழைத்துப் போயிருக்கிறாள்.

ராயப்பு நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டான். பிறகு, “டேய் வேலு, நான் எப்பிடியடா செத்தனான்? அதை நீ சொல்லேல்லையே. காய்ச்சலோ, கடலோ?” என்றான்.

நான் வாசலில் நின்ற காரைப் பார்த்தேன்.

“பயப்பிடாத. சண்டைக்கு வரேல்லை. அங்க மியூசியத்தில இருக்கக் கதிரை போட்டுத் தந்தவை. ரெண்டு தரம் முழுக்கக் கேட்டனான். நல்ல வடிவாச் சொல்லியிருக்கிறாய். நான் சொன்னா இந்த வடிவு வராது.”

சிரித்தான். அறுபது வருஷத்துக்கு முன் கண்ணாடிக்குப் பின்னால் நான் பார்த்த அதே சிரிப்பு.

“ஆனா சுவரில எழுதியிருக்கிறது பிழையடா. கீழ எங்கயிருக்கு நிசப்தம்? ஹெல்மெற்றுக்குள்ள காத்து இரைஞ்சுகொண்டே வரும். ஓடுற றயிலுக்குள்ள தலையை விட்ட மாதிரி. அந்த இரைச்சல் நிண்டா ஆள் முடிஞ்சான். நிசப்தம் எண்டு ஒரு சுழியோடியும் சொல்லமாட்டான்.”

பிடிபட்டுவிட்டேன். அந்த நேரத்தில் எனக்கு வந்தது வெட்கம் என்றா நினைக்கிறீர்கள்? இந்த இரைச்சலை எனக்கு ஏன் அவன் முன்பே சொல்லவில்லை என்ற எரிச்சல்தான் முதலில் வந்தது. எனக்குத் தெரியாத ஒன்றை இன்னும் அவன் வைத்திருக்கிறானே!

“அது கிடக்கட்டும்” என்றான். சிரிப்புப் போய்விட்டது. “கயிறு பிடிச்சவன் நித்திரை கொண்டவன் எண்டு ஏனடா சொன்னனீ?”

“ராயப்பு... அது...”

“என்ர பேரில சொன்னது எனக்குப் பெரிசில்லை. ஆற்ற பேரில சொன்னாலும் அது பொய். கயிறு பிடிச்சவன் அண்டைக்கு உறங்கேல்லை. விடியத் தொடங்கிப் பொழுதுபடுமட்டும் நிண்டவன். கீழ தொங்கிக்கொண்டிருந்த எனக்குத் தெரியும். அவன்ர கை ஒருக்காக்கூடத் தளரேல்லை. அவனாலதான் நான் கலியாணம் கட்டினன், பிள்ளை பெத்தன். அவனைப் பற்றி அப்பிடிச் சொல்ல உனக்கென்ன உரிமை இருக்கு?”

என்னிடமிருந்து என்னைக் காப்பாற்ற அவன் என்னோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான்! ஒருக்காக்கூடத் தளரேல்லை என்று அவன் சொன்னபோது, அந்த நடுப்பகல் கணத்தை அவனிடம் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

“அதை மட்டும் மாத்து. மற்றதை நீயே வைச்சிரு” என்றான்.

“மாத்திடுறேன்” என்றேன்.

வெளியே கார் ஒலி எழுப்பியது. அவன் நடைச்சட்டத்தை ஊன்றி எழுந்தான். “மகள் கோவமாய் இருக்கிறாள். விடு எண்டு சொல்லிப்போட்டன். போயிட்டு வாறன்.”

மறுநாள் தர்ஷினியை அழைக்க நினைத்தேன். அதற்கடுத்த நாளும் நினைத்தேன். இரண்டு வாரம் நினைத்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் அவளே அழைத்தாள்.

“வேலு அங்கிள், மெல்பேர்னில இருந்து பிலோமினா எண்டு ஒரு ஆள் ஈமெயில் போட்டிருக்கிறா. அவவின்ர அப்பாதான் ராயப்புவாம். உயிரோட இருக்கிறாராம். அவர்தான் டைவராம், நீங்கள்தான் கயிறு பிடிச்சனீங்களாம். எனக்கு என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை.”

உண்மையைச் சொல்லக் கதவு திறந்தே இருந்தது. ‘ஆமாம்மா’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா?

“ராயப்பு உயிரோடவா இருக்கான்! செத்துட்டான்னுல்ல எனக்குச் சொன்னாங்க! கடவுளே...” குரல் தழுதழுக்கச் சொன்னேன். “பாவம்மா, அவனுக்கும் வயசாயிடுச்சு. என் கதையைக் கேட்டுக் கேட்டுத் தன் கதைன்னே நினைச்சிருப்பான். பிள்ளைங்ககிட்ட பெருமைக்குச் சொல்லியிருப்பான். அதை ஒரு குத்தமா எடுக்காதே.”

என்னை நானே அச்சுப் பிசகாமல் வருணித்தேன். அவன் பெயரில்!

தர்ஷினி நேர்மையான பெண். ஒரு பக்கம் மட்டும் கேட்டு முடிவெடுக்க மாட்டேன் என்று மெல்பேர்னுக்கே போய்விட்டாள். அந்த நான்கு நாட்கள் நான் சோறு இறங்காமல் கிடந்தேன். என்ன ஆயிற்று என்று மருமகள் கேட்டாள். வெயில் என்றேன்.

ஐந்தாம் நாள் தர்ஷினி அழைத்தாள்.

“அவர் ஒத்துக்கொண்டிட்டார் அங்கிள். தான்தான் கயிறு பிடிச்சவர் எண்டு, மகளுக்கு முன்னாலயே சொன்னார். அவ எழும்பிப் போயிட்டா. ஆனா ஒண்டை மட்டும் கட்டாயம் போடச் சொன்னார். கயிறு பிடிச்சவன் அண்டைக்கு உறங்கேல்லை எண்டு. அதைச் சொல்லேக்க அழுதிட்டார். அந்த ஒரு நாளைப் பற்றியே ஒரு மணித்தியாலம் கதைச்சவர். நீங்கள்தான் அங்கிள் ஏதோ பிழையா நினைச்சிட்டீங்கள்.”

“தண்ணிக்குள்ள தொங்கினவனுக்கு மேல நடந்தது எப்படித் தெரியும்மா” என்றேன்.

நான் மாற்ற மறுத்த ஒரு வரியை மாற்றுவதற்காக அவன் தன் வாழ்க்கை முழுவதையும் கொடுத்துவிட்டான்.

அன்று மாலை பிலோமினா அழைத்தாள். அவள் என்னோடு பேசியது அந்த ஒரே முறைதான்.

“நான் ஒரு நர்ஸ் அங்கிள். அப்பாவின்ர இடுப்பு எக்ஸ்ரே என்னட்ட இருக்கு. கயிறு பிடிச்ச ஆளுக்கு அந்த எலும்பு நோய் வராது. உங்களுக்காக அவர் என்னைப் பொய்க்காரி ஆக்கிப்போட்டார். நான் இப்ப அவரோட கதைக்கிறேல்லை. உங்களுக்கு இப்ப சந்தோசமோ?”

அவள் வைத்துவிட்டாள்.

சந்தோஷமா? அதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம் என்றுதான் இவ்வளவு தூரம் வந்தேன்.

இப்போது அந்த அருங்காட்சியகத்தில் இரண்டு திரைகள். ஒன்றில் நான், கடலடியில் நடந்தவன். இன்னொன்றில் ராயப்பு, உயிர்க்கயிறு பிடித்தவன். போன வாரம் யாரிடமும் சொல்லாமல் ரயில் ஏறிப் போனேன். என் திரையின் முன்னால் ஒருவரும் இல்லை. அவனுடைய திரையின் முன்னால் ஐந்தாறு பேர். ஒரு வெள்ளைக்கார அம்மா காதில் ஒலிக்கருவியோடு கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் போனதும் அதை வாங்கி என் காதில் வைத்துக்கொண்டேன்.

அலை தூக்கும்போது விட்டேன், தாழ்த்தும்போது இழுத்தேன் என்று சொல்லிக்கொண்டிருந்தான். உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போனதைச் சொன்னான். சமையல்காரர் வாயில் தண்ணீர் ஊற்றியதைச் சொன்னான். எல்லாம் என்னிடம் கேட்டவை. எத்தனையோ ஆண்டுகளாகக் கவனமாக நினைவில் வைத்திருந்திருக்கிறான்! “கை தளர்ந்தா அவன் செத்துப்போவான். என்ர சிநேகிதன். எப்பிடித் தளரவிடுவன்?” என்றான். அவன் சொன்ன அந்த மனிதனுக்குள் ஒரு கணத்துத் தடுமாற்றம்கூட இல்லை. நான் இருந்ததைவிட நல்ல வேலாயுதமாக அவன் இருந்து காட்டினான்.

எனக்குள் மூண்டதை எப்படிச் சொல்வேன்? என் கயிறு! என் கை! என் பகல்! அது ஒன்றுதான் எனக்கென்று இருந்தது... கொடுத்தவன் நானேதான். ஆனாலும் பறித்துக்கொண்டுவிட்டான், பறித்துக்கொண்டுவிட்டான் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

தர்ஷினி என்னைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். “அங்கிள்! சொல்லியிருந்தா ஸ்டேசனுக்கு வந்திருப்பனே!” பிறகு சற்றுத் தயங்கி, “எல்லாரும் ராயப்பு அங்கிளின்ர பகுதியிலதான் கூட நேரம் நிக்கினம். உங்களுக்கு ஒண்டுமில்லையே?” என்றாள்.

“எனக்கென்னம்மா” என்றேன். “அவன் நல்லாத்தான் பிடிச்சான்.”

அதைச் சொல்லும்போதே எனக்கு வயிறு எரிந்தது. இதை உங்களிடம் சொல்லும் இந்த நேரத்திலும் எரிகிறது.